ஃபென்வே பார்க்கில் முதல் ஆட்டம்: தூணைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்

கேள்வி: மகள் பாஸ்டனில் வேலை பார்க்கிறாள். மே மாதம் நானும் மனைவியும் அங்கே போகிறோம். ஃபென்வே பார்க்கில் ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்க்க ஆசை. கிரிக்கெட் நன்றாகத் தெரியும், பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. எங்கே இடம் எடுப்பது? எதைக் கவனிப்பது?

பதில்: முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபென்வே 1912-இல் திறக்கப்பட்ட மைதானம். கூரையைத் தாங்கும் தூண்கள் கிராண்ட்ஸ்டாண்ட் வரிசைகளுக்கு நடுவே இன்றும் நிற்கின்றன. தூணுக்குப் பின்னால் இடம் அமைந்தால் பந்து வீசும் பிட்சர் மறைவார், இல்லாவிட்டால் அடிக்கும் பேட்டர் மறைவார். பார்வை மறைக்கும் இடம் என்று டிக்கெட்டில் குறிப்பு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வலது கோடி இருக்கைகளில் வேறு தொல்லை. அவை மைதானத்தின் நடுவெளியைப் பார்த்துப் போடப்பட்டவை. ஆட்டம் முழுவதும் கழுத்தை இடப்பக்கம் திருப்பியே இருக்க வேண்டும். பேட்டர் நின்று அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலோ அதன் இரு பக்கங்களிலோ, சற்று உயரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வார நாள் இரவு ஆட்டம் பெரும்பாலும் மலிவு. பரம எதிரி அணியான நியூயார்க் யாங்கீஸ் வரும் நாட்களில் விலை ஏறிவிடும்.

இனி ஆட்டம். நான் முதன்முதலில் போனபோது, பின்பக்கமாக வானுயரப் பறந்த ஒரு பந்துக்கு எழுந்து நின்று கைதட்டினேன். சுற்றி ஒருவரும் அசையவில்லை. கிரிக்கெட்டில் அது சிக்சர், இங்கே வெறும் ஃபவுல். ஹோம் பிளேட்டிலிருந்து விரியும் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குள் விழுந்தால்தான் ஓட்டம் எடுக்க முடியும்.

பந்து பறப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் சலித்துப் போவீர்கள். ஆட்டத்தின் உயிர் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடக்கும் சூதாட்டத்தில் இருக்கிறது. சுமார் 18 மீட்டர் தூரத்திலிருந்து, தரையில் குத்தாமல் பந்து வருகிறது. எட்டும் எல்லைக்குள் வந்த பந்தை விட்டுவிட்டாலும், மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். எல்லைக்கு வெளியே போனதை ஆடாமல் விட்டால் அதன் பெயர் 'பால்'. நான்கு சேர்ந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய முனைகளில் முதலாவதற்கு, நடந்து போகலாம். ஃபவுலும் ஸ்ட்ரைக்காகவே எண்ணப்படும். ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு அடிக்கும் ஃபவுல் கணக்கில் ஏறாது. அதனால் ஒரே பேட்டர் ஐந்தாறு பந்துகளைத் தட்டித் தட்டிப் பிட்சரைக் களைக்கவைப்பார். ஸ்கோர்போர்டில் 3-2 என்று, அதாவது மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்று வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அடுத்த பந்தில் ஏதோ ஒன்று முடிவாகும் வாய்ப்பு அதிகம்.

மூன்று பேர் அவுட்டானால் அணி மாறும். இப்படி இரு அணிகளும் ஒன்பது முறை ஆடும். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி, அதாவது வெளியூர் அணி அடிக்கும் முறை, முடியும்போது உள்ளூர் அணியான ரெட் சாக்ஸ் முன்னிலையில் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். 2023-இல், குறித்த நொடிகளுக்குள் வீச வேண்டும் என்று பிட்சருக்குக் கடிகாரம் வைத்த பிறகு பெரும்பாலான ஆட்டங்கள் மூன்று மணி நேரத்துக்குள் முடிகின்றன.

இடப்பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர் ஒன்று நிற்கும், பெயர் கிரீன் மான்ஸ்டர். வேறு மைதானத்தில் எல்லை தாண்டியிருக்கும் அடி இங்கே சுவரில் மோதித் திரும்பும். சுவரின் அடியில் உள்ள ஸ்கோர்போர்டில் எண்களை இன்றும் கையால்தான் மாற்றுகிறார்கள்.

மே மாத இரவிலும் அங்கே குளிரும், இருவருக்கும் ஸ்வெட்டர் கட்டாயம். பெரிய பைக்கு அனுமதி இல்லை. டிக்கெட் கைபேசியில்தான் வரும், சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள். காரை விட்டுவிட்டு கிரீன் லைன் ரயிலில் கென்மோரில் இறங்குங்கள், அங்கிருந்து நடை தூரம்தான். சைவம் என்றால் தோலோடு வறுத்த வேர்க்கடலை இருக்கிறது. தோலைக் காலடியிலேயே போடுவது அங்கே வழக்கம், கூச்சப்பட வேண்டாம். மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் டிக்கெட் மறுநாளுக்கோ வேறு தேதிக்கோ செல்லும். எனவே ஊர் திரும்பும் வாரத்தில் ஆட்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபவுல் பந்து உங்கள் வரிசையில் வந்து விழுந்தால் கிரிக்கெட் பழக்கத்தில் திருப்பி எறிந்துவிடாதீர்கள். எடுத்தவருக்கே அது சொந்தம். அருகில் குழந்தை இருந்தால் பலர் அதன் கையில் கொடுத்துவிடுவார்கள்.