விடுதிக்கு வந்ததும் எடை கூடுவது ஏன்?

"மெஸ் சாப்பாடு பிடிக்காமல் பாதிதான் சாப்பிடுகிறேன். ஆனாலும் முதல் வருஷத்திலேயே எடை கூடிவிட்டதே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெஸ்ஸில் விட்ட பாதி வேறெங்கே உள்ளே போகிறது என்று பாருங்கள். எட்டரைக்கு வகுப்பு, எழுந்ததே எட்டு மணிக்கு என்றால் இட்லி போச்சு. பதினொரு மணிக்கு கேன்டீனில் பஃப்ஸும் டீயும். ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 40 கலோரி. நாளைக்கு நாலு டீ குடித்தால் சர்க்கரையிலேயே 160. ராத்திரி பத்தரைக்கு நண்பர்களோடு பரோட்டா. மைதாவும் எண்ணெயுமாக அது ஒன்றே மூன்று இட்லியைத் தாண்டிவிடும், சால்னா தனி.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது தூக்கத்தை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. இரண்டு மணி வரை விழித்திருப்பவருக்கு அந்த நேரத்தில் கையில் கிடைப்பது சிப்ஸும் நூடுல்ஸும்தானே!

தயவுசெய்து பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனால் அதிக எடை, 1.60 மீட்டர் உயரத்துக்கு அது ஏறக்குறைய 59 கிலோ. முதலில் தூக்கத்தையும் காலைச் சாப்பாட்டையும் ஒரு மாதம் ஒழுங்குபடுத்துங்கள். மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், தைராய்டு கோளாறோ, பிசிஓஎஸ் என்ற சினைப்பை-ஹார்மோன் கோளாறோ இருக்கலாம்.