தண்ணி குடிச்சா தோல் மினுங்குமா? வாசகிகள் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, நான் பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறனுங்க. கையி காலெல்லாம் வறண்டு வெள்ளை பூத்து அரிப்பெடுக்குது. தண்ணி நெறைய குடிச்சா தோலு மினுங்கும்னு யூடியூப்ல பாத்து பாட்டில் பாட்டிலா குடிக்கறேன், பாத்ரூம் போறதுதான் மிச்சம். ஏனுங்க்கா இப்படி?
– பெருமாநல்லூர் வாசகி

பதில்: தாகம் தீர்ற அளவு, ஒண்ணுக்கு வெளிர் மஞ்சளா போற அளவு குடிச்சா போதும் கண்ணு, அதுக்கு மேல எவ்வளவு குடிச்சாலும் கிட்னி வெளிய தள்ளிரும், தோலுக்கு தனியா போய் சேராது. தோலோட மேலடுக்குல ஈரத்தை புடிச்சு வெக்கறது அங்க இருக்கற எண்ணெய்ப்பசைதான், அதை சோப்பும் சுடுதண்ணியும் வழிச்சு எடுத்துருது. இதுல போர் தண்ணி உப்பா இருந்தா சோப்பு நுரைக்காது, எத்தனை அலசினாலும் ஒரு பிசுக்கு ஒட்டிக்கும், அரிப்பு அதுலயும் வரும். கடைசி ரெண்டு சொம்பு நல்லதண்ணில ஊத்திட்டு, ஈரம் காயறதுக்குள்ள தேங்கா எண்ணெய் தடவுங்க. அதுக்காக தண்ணி குடிக்கறதை விட்றாதீங்க. வேலை நேரத்துல பாத்ரூம் போகணுமேன்னு சொட்டு தண்ணி குடிக்காம இருக்கற புள்ளைங்கள நெனைச்சா எனக்கு மனசே ஆறாது, அது தோலுக்கு மட்டுமில்ல, யூரின் இன்ஃபெக்ஷன்ல கொண்டுபோய் விட்டுரும்.

கேள்வி: எம்பையனுக்கு 13 வயசு, கொஞ்சம் குண்டு. பின்னங்கழுத்து கருத்து கெடக்குது, பீர்க்கங்கா நாரு போட்டு தேய்ச்சும் போகலீங்க. வெயில்ல வெளையாடறதாலயா?
– பொள்ளாச்சி வாசகி

பதில்: தேய்க்கறதை இன்னிக்கே நிறுத்துங்க அம்மிணி, அது அழுக்காட்ட தெரியலை. தொட்டா வெல்வெட் துணியாட்ட தடிப்பா இருக்குதா, அக்குள்லயும் இருக்குதான்னு பாருங்க. இருந்தா அதுக்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்னு பேரு. பெரும்பாலும் எடை கூடி, ரத்தத்துல சர்க்கரையை கட்டுப்படுத்தற இன்சுலினோட பேச்சை ஒடம்பு கேக்காதப்ப, இன்னும் இன்னும் இன்சுலினை சுரக்கும், அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்லை தூண்டிவிட்டு அங்க தடிச்சு கருத்துருது. வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

பையன் என்ன குடிக்கறான்னு ஒரு வாரம் கவனிங்க. 250 மில்லி கூல்டிரிங்ஸ்ல சுமார் 25 கிராம் சர்க்கரை, அஞ்சாறு ஸ்பூன் வரும். பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு அந்த அளவுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இவன் டியூஷன் முடிச்சு பேக்கரில ஒண்ணு, வீட்ல பாக்கெட் ஜூஸ் ஒண்ணு, ராத்திரி பவுடர் போட்ட பால்னு குடிச்சா எங்க போய் நிக்கும்? பருவும் இதே சர்க்கரையால கூடும். தாகத்துக்கு தண்ணி, நீர்மோர், அவ்வளவுதான். கம்பங்கூழ் குடுக்கறதா இருந்தா சாப்பாட்டுக்கு பதிலா குடுங்க. எளநி நம்மூர்ல கெடைக்குதேன்னு நாலஞ்சு வெட்டி குடுக்காதீங்க, அதுலயும் இனிப்பு இருக்குது, தாகத்துக்கு எப்பவாவது ஒண்ணு போதும்.

டாக்டர்கிட்ட காட்டி வெறும் வயித்துல சுகர் டெஸ்ட் எடுத்துருங்க, தள்ளிப்போடாதீங்க. எடை கொறைய கொறைய கருப்பும் மெதுவா மங்கும், மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் வீட்ல யாரும் அவனை "கழுத்தை ஒழுங்கா தேய்ச்சு குளிடா"ன்னு சொல்லக்கூடாது, அப்பத்தாகிட்டயும் சொல்லி வெய்யுங்க.