கைப்பூவேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆச்சி தலையணை உறையில் போட்ட கட்வொர்க் பூவேலை (விளிம்பைத் தைத்துவிட்டு, நடுவிலுள்ள துணியை வெட்டி எடுப்பது), எத்தனையோ ஆண்டுகள் துவைத்தும் பிரியவில்லை. அதைப் பார்த்து நான் மேசை விரிப்பில் போட்ட பூக்களோ முதல் சலவையிலேயே விளிம்பு பிரிந்து தொங்குகின்றன; துணியும் சுருங்கிவிட்டது. ஆசிரியர் இல்லாமல் இதைக் கற்க முடியுமா?
(வாசகி, தக்கலை)

பதில்: ஆச்சியின் உறை கையில் இருக்கும்போது ஆசிரியர் இல்லை என்று சொல்ல வேண்டாம். உறையை உள்பக்கம் திருப்பி, வெயில் வெளிச்சத்தில் ஓர் இதழை மட்டும் உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் காஜா தையலுக்கு அடியில், வரைந்த கோட்டின் ஓரமாக இரண்டு வரி ஓட்டுத் தையல் ஓடியிருக்கும். விளிம்புக்கு உறுதி தருவது அதுதான். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள், நீங்களும் விட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அதன்மேல் காஜா தையலை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகப் போட வேண்டும். முடிச்சு வரிசை, வெட்டி எடுக்கப்போகும் பக்கத்தைப் பார்த்து அமைய வேண்டும். திசை மாறினால், எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தாலும் வெட்டிய ஓரத்தைப் பிடித்துக்கொள்ள அங்கே நூல் இருக்காது. இதழுக்கு இதழ் குறுக்கே போகும் நூல் பாலங்களையும் வெட்டுவதற்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும். பிறகு துவைத்து, லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, நுனி கூரான சிறிய கத்தரியால் உள்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. ஒரு தையல் அறுபட்டால் அந்த இதழே போய்விடும்.

துணி சுருங்கியதற்குக் காரணம் இரண்டு. புதுத் துணியை முதலில் நனைத்து உலர்த்தாமல் தைத்திருக்கலாம். அல்லது நூலை இழுத்து இறுக்கியிருக்கலாம். ரிங்கில் (துணியை விரித்துப் பிடிக்கும் வட்டச் சட்டத்தில்) மாட்டிய துணி தளராமல் நிற்க வேண்டும், நூலோ துணியின்மேல் படிந்து கிடந்தால் போதும். ஆறு இழை நூலில் இரண்டு இழைகளைப் பிரித்தெடுத்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை உள்ள நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீண்டால் துணிக்குள் போய்வந்தே பஞ்சு எழும்பிவிடும். தொடக்கத்தில் முடிச்சுப் போடாமல், நூலின் வாலை உள்பக்கத் தையல்களுக்குள் செருகிவிடுங்கள்.

காம்புத் தையல், சங்கிலித் தையல், காஜா தையல் இம்மூன்றையும் ஒரு காடாத் துணியில் பழகிய பிறகு கட்வொர்க்குக்கு வாருங்கள். தாளில் வரைந்த கோடுகளைத் துணிக்கு மாற்ற, பழைய முறை இன்றும் நன்றாகவே உதவுகிறது: படம் வரைந்த தாளில் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் துணியில் புள்ளி வரிசை விழும்.

இதோடு நம் குமரி மாவட்டத்தின் லேஸ் பின்னலைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த, லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண் குழந்தைகளுக்குக் கற்றுத்தந்தது, தலையணைமேல் மரக்குச்சிகளால் நூலைப் பின்னும் வேலை. அதற்குத் துணியே தேவையில்லை.

கேள்வி: ஆரி வேலை கற்றால் கைப்பூவேலையும் தானாக வந்துவிடுமா?
(வாசகி, குளச்சல்)

பதில்: வராது. ஆரியில் கொக்கி மேலே நிற்க, நூல் சட்டத்துக்கு அடியிலிருந்து வருகிறது; பிறப்பது பெரும்பாலும் சங்கிலித் தையல். வேகம் அதிகம், கல்யாண ரவிக்கைகளால் வருமானமும் உண்டு. ஆனால் இதழை நிரப்பவும் விளிம்பைக் காக்கவும் ஊசியைத்தான் பழக வேண்டும்.