கண்ணில் ஒரு துளி: சொட்டு மருந்து பற்றிய கேள்விகள்

கண் சிவந்து பீளை தள்ளும் பாக்டீரியா தொற்றுக்குக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் கண் மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு இரண்டு கண்களும் சிவந்து, காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டன. பாக்டீரியா தொற்று என்று கூறிய மருத்துவர், சொட்டு மருந்தை நாளைக்கு நான்கு முறை வீதம் ஏழு நாட்கள் விடச் சொன்னார். மூன்றாம் நாளே கண் தெளிந்துவிட்டது. இத்துடன் நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். பீளை நின்றதும் கண் வெளுத்ததும் கிருமிகள் குறைந்துவிட்டன என்பதற்கான அடையாளமே ஒழிய, அவை முற்றிலும் ஒழிந்துவிட்டன என்பதற்கு உறுதி அல்ல. அறிகுறிகள் மறைந்த பிறகும் இரண்டு நாட்களாவது மருந்து தொடர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான மருத்துவர்கள் ஐந்து முதல் ஏழு நாட்கள் என்று கணக்கிட்டுத் தருகிறார்கள். இடையில் ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் விடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுப்போனதை மறந்துவிடுங்கள், ஈடுகட்டுவதற்காக இரு மடங்காக விட வேண்டாம்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலேசான பாக்டீரியா தொற்று, மருந்தே இல்லாமல்கூட ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தானாக ஆறிவிடக்கூடியது. சொட்டு மருந்து அந்தக் காலத்தைச் சற்றுக் குறைக்கிறது. ஆகவே, சில மருத்துவர்கள் மருந்து எழுதாமல் கண்ணைச் சுத்தமாக வைத்துக்கொண்டு சில நாட்கள் காத்திருக்கச் சொன்னால், அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மருந்தைத் தொடங்கிய பிறகு சொன்ன நாள்வரை விடுவதே முறை. அந்த நாளைத் தாண்டி நீட்டிப்பதும் தவறுதான். பல சொட்டு மருந்துகளில் கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பொருள் நாள்பட்ட பயன்பாட்டில் கண்ணின் மேற்பரப்பை உறுத்திச் சிவக்க வைக்கும். நோய் இன்னும் போகவில்லை என்று எண்ணி நோயாளி மேலும் மருந்து விட, கண் மேலும் சிவக்க, இப்படியே வாரக்கணக்கில் தொடர்ந்து வந்தவர்களுக்கு மருந்தை நிறுத்தச் சொன்னதே சிகிச்சையாக அமைந்ததும் உண்டு.

எத்தனை முறை, எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறுபடும். ஆஃப்லாக்சசினை முதல் இரண்டு நாட்கள் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும் பின்னர் நாளைக்கு நான்கு முறையும் விடச் சொல்வது வழக்கம். மாக்சிஃப்ளாக்சசின் நாளைக்கு மூன்று முறை போதும். கெட்டியான கரைசலில் வரும் 1 சதவீத அசித்ரோமைசின் கண்ணில் நெடுநேரம் தங்குவதால் முதல் இரண்டு நாட்களுக்கு இரு வேளையும் அடுத்த ஐந்து நாட்களுக்கு ஒரு வேளையுமே விடப்படுகிறது. ஆகையால் அதே நோய்க்காக அடுத்த வீட்டுக் குழந்தைக்குச் சொல்லப்பட்ட கணக்கை உங்கள் மகனுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று நாட்கள் ஒழுங்காக மருந்து விட்டும் சிறிதளவுகூட முன்னேற்றம் தெரியாவிட்டால் ஏழாம் நாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் திரும்பச் செல்ல வேண்டும்.

கேள்வி: சீட்டில் ஒரு துளி என்றுதான் எழுதியிருக்கிறது. பாதி கன்னத்தில் வழிந்துவிடுவதால் நான் இரண்டு, மூன்று துளிகள் விடுகிறேன். சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பு தெரிகிறது. மருந்து வயிற்றுக்குள் போகிறதா?

பதில்: நம் கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீரின் அளவு ஏறக்குறைய 7 மைக்ரோலிட்டர். இமை கொட்டாமல் இருந்தால் கண் அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் அளவுக்குத் திரவத்தைத் தாங்கும். மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு துளியோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். ஆக, முதல் துளியே கண் கொள்ளும் அளவுக்கு மேற்பட்டது. வழிவது வீணான மருந்து அல்ல, மிகுதியான மருந்து. உடனே இரண்டாவது துளியை விட்டால் அது முதல் துளியைக் கழுவிக்கொண்டு வெளியேறும். துளி கண்ணுக்குள் விழவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று விடுங்கள்.

கசப்புக்குக் காரணம் எளிது. இமைகளின் உள் ஓரத்தில், மூக்கை ஒட்டி, கண்ணீர் வடியும் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு குழாய் மூக்கின் உட்புறம் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அந்த வழியாகத்தான். மருந்தும் அதே வழியில் இறங்கித் தொண்டையை எட்டுகிறது, சிறிதளவு உடலுக்குள்ளும் சேருகிறது. மருந்து விட்டவுடன் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையைச் சுட்டுவிரலால் ஒன்றிரண்டு நிமிடம் இலேசாக அழுத்திக்கொண்டால் கசப்பும் குறையும், மருந்தும் வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே தங்கும். கண்ணை இறுக்கி மூடுவதும் படபடவென்று இமை கொட்டுவதும் மருந்தை அந்தக் குழாய்க்குள் தள்ளிவிடும்.

விடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கைகளைச் சோப்பு போட்டுக் கழுவிய பின், பீளை இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் நனைத்த பஞ்சால் உள் மூலையிலிருந்து வெளிப்புறமாக ஒரே இழுப்பில் துடைத்து, அந்தப் பஞ்சை அப்போதே எறிந்துவிட வேண்டும். அடுத்த இழுப்புக்கும் அடுத்த கண்ணுக்கும் புதிய பஞ்சு. பீளை மண்டிய கண்ணில் மருந்து விட்டால் அது சவ்வைச் சென்று சேராது. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை ஒரு சிறு பை போல விலகும்படி இழுத்து, மேல்நோக்கிப் பார்த்தபடி அந்தப் பைக்குள் ஒரு துளி விடுங்கள். குப்பியின் முனை இமையிலோ, இமை முடியிலோ, விரலிலோ படக்கூடாது. பட்டால் கண்ணில் இருக்கும் கிருமி குப்பிக்குள் குடியேறி, அடுத்த வேளை மருந்தோடு சேர்ந்து கண்ணுக்கே திரும்பும். இரண்டு கண்களுக்கும் விடச் சொல்லியிருந்தால் பாதிப்பு குறைந்த கண்ணில் முதலில் விடுங்கள். இரண்டு வகை மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது தேவை. களிம்பு எப்போதும் கடைசியில்தான். அது சிறிது நேரம் பார்வையை மங்கச் செய்யும் என்பதால் உடனே வண்டி ஓட்டக் கூடாது.

கேள்வி: சென்ற ஆண்டு என் கணவருக்குக் கண் சிவந்தபோது வாங்கிய சொட்டு மருந்து பாதிக்கு மேல் மீதம் இருக்கிறது. அவருக்கு ஒரே நாளில் சிவப்பு மறைந்தது. காலாவதி நாள் வர இன்னும் ஆறு மாதங்கள் இருக்கின்றன. இப்போது மகளின் கண் சிவந்திருக்கிறது. அதையே விடலாமா?

பதில்: விட வேண்டாம். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பவை இத்தகைய கடிதங்கள்தாம்.

முதலாவது, குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் நாள் மூடி திறக்கப்படாத குப்பிக்கு உரியது. திறந்த பிறகு பெரும்பாலான சொட்டு மருந்துகளை நான்கு வாரங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. திறக்கும் நாளை அட்டையின் மேல் பேனாவால் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பமே வராது. கெடாமல் இருப்பதற்கான பொருள் எதுவும் சேர்க்காமல் ஒரு வேளைக்கு மட்டும் என்று வரும் சிறு குப்பிகளைத் திறந்த வேளையே எறிந்துவிட வேண்டும். குளோராம்ஃபெனிக்கால் போன்ற சில மருந்துகளைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஓராண்டாக அலமாரியில் இருந்த குப்பியில் அது எந்த நிலையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. உங்கள் கணவருக்கு ஒரே நாளில் சிவப்பு மறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆன்டிபயாடிக் மட்டும் அவ்வளவு விரைவாகச் சிவப்பைப் போக்குவது அரிது. குப்பியின் சிற்றெழுத்துகளைப் படித்துப் பாருங்கள்: ஆன்டிபயாடிக்கின் பெயரோடு டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற பெயர் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், ஆகவே கண் வெளுக்கும். ஆனால் கிருமியை அது கொல்வதில்லை, கிருமியை எதிர்க்கும் உடலின் ஆற்றலைத்தான் தளர்த்துகிறது. சிவந்த கண்ணுக்கு ஹெர்பீஸ் வைரஸ் காரணமாக இருந்து, அதில் ஸ்டீராய்டு விடப்பட்டால், கருவிழியில் கிளை கிளையாகத் தோன்றும் புண் பரந்து ஆழமாகித் தழும்பில் முடியும். தழும்பு நடுவில் விழுந்தால் பார்வை போகும். தொடக்கத்தில் அந்தப் புண் வெறும் கண்ணால் பார்ப்பவருக்குத் தெரியாது. சாயம் இட்டு, ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் பார்த்தால்தான் தெரியும். ஸ்டீராய்டை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணின் நீரழுத்தம் வலியே இல்லாமல் உயர்ந்து பார்வை நரம்பைத் தாக்குவதும் உண்டு. தேவைப்படும் கண்ணுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், அதுவும் மிக நல்ல மருந்துதான். மீதமிருந்த குப்பியிலிருந்து அது வரக் கூடாது.

மூன்றாவது, ஒவ்வாமை. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் சல்ஃபாசெட்டமைடு சொட்டு மருந்தைத் தவிர்க்க வேண்டும். இரத்த அணுக்கள் குறையும் நோய் தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ இருந்தால் குளோராம்ஃபெனிக்கால் வேண்டாம் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒருவருக்குப் பொருந்திய மருந்து இன்னொருவருக்குப் பொருந்தும் என்பது இல்லை. ஒரே குப்பியை வீட்டில் இருவர் பயன்படுத்துவது, இருவருக்கும் ஒரே நோய் என்றாலும், கூடாது.

பழைய குப்பிகளைச் சேர்த்து வைக்கும் அலமாரியில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. காதுக்கு விடும் மருந்தும், ஏன், பசை நிரம்பிய சிறு குப்பியும்கூட, கண் மருந்துக் குப்பியைப் போலவே இருக்கும். அவசரத்தில் கை மாறி அவற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு.

கேள்வி: ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்கிறார்களே, அதற்கும் ஆன்டிபயாடிக் விட்டால் என்ன தவறு? விரைவில் ஆறாதா? பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்பது உண்மையா?

பதில்: அப்பெயரால் அழைக்கப்படும் தொற்று பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அது ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் ஒன்று முதல் மூன்று வாரங்களைக் குறைக்கவும் செய்யாது. தேவையில்லாமல் விடும் ஒவ்வொரு முறையும், கண்ணிலும் இமை ஓரத்திலும் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களில் அந்த மருந்துக்கு அஞ்சாதவை தங்கிப் பெருக இடம் கொடுக்கிறோம். உண்மையாகவே தேவைப்படும் நாளில் மருந்து கைகொடுக்காமல் போகும்.

நீராக வடிதல், காதுக்கு முன்புறம் சிறு நெறிக்கட்டு, முன்னதாக வந்த சளியும் தொண்டை வலியும் வைரஸைக் காட்டும். மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் கெட்டியான பீளை, துடைத்தாலும் மீண்டும் சேர்ந்து, காலையில் இரு கண்களும் ஒட்டிக்கொள்வது பாக்டீரியாவைக் காட்டும். அரிப்பே முதன்மையாக இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். இவை ஒன்றோடொன்று கலந்து வருவதும் உண்டு என்பதால் இதை வைத்து நீங்களே மருந்து வாங்க வேண்டாம். மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வதற்கு இவை பயன்படட்டும்.

பார்ப்பதால் தொற்றாது. கை, துண்டு, தலையணை உறை, கண் மை ஆகியவற்றால் தொற்றும்.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். ஒரு கண் சிவந்து உறுத்துகிறது. லென்ஸைப் போட்டுக்கொண்டே சொட்டு மருந்து விடலாமா?

பதில்: லென்ஸை இப்போதே கழற்றிவிட்டு இன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். லென்ஸ் அணிபவரின் சிவந்த கண்ணைச் சாதாரணத் தொற்று என்று எண்ணிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா லென்ஸ் அணிபவர்களின் கருவிழியில் உண்டாக்கும் புண், ஓரிரு நாட்களுக்குள்ளேயே ஆழமாகிவிடக்கூடியது. கழற்றிய லென்ஸையும் அதன் பெட்டியையும் மருத்துவரிடம் காட்டுவதற்கு எடுத்துச் செல்லுங்கள், சோதனைக்கு உதவலாம். மருந்திலுள்ள பென்சல்கோனியம் மென்மையான லென்ஸில் ஊறித் தங்கும் என்பதால் சிகிச்சை முடியும்வரை லென்ஸ் வேண்டாம். முடிந்து ஒரு நாள் கழித்து, மருத்துவர் சரி என்றால், புதிய லென்ஸும் புதிய பெட்டியுமாகத் தொடங்குங்கள்.

கண்ணுக்குள் ஆழ்ந்த வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், இமை கொட்டினாலும் தெளியாத மங்கல், கருவிழியில் வெண்புள்ளி, அடிபட்ட பின் வந்த சிவப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால், லென்ஸ் அணியாதவர்களும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை குப்பியைக் கண்டாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறது. இருவர் பிடித்தும் முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: திறக்க வைக்கப் போராட வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மூடிய கண்ணின் உள் மூலையில், மூக்கை ஒட்டிய சிறு பள்ளத்தில் ஒரு துளி விடுங்கள். பிறகு விருப்பமானது எதையாவது காட்டினால் குழந்தை கண்ணைத் திறக்கும். துளி தானாகவே உள்ளே இறங்கிவிடும். தூங்கும்போது இமையை மெதுவாக விலக்கி விடுவதும் ஒரு வழி. அப்படியும் இயலவில்லை என்றால் களிம்பாக மாற்றித் தர முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கண்ணைத் துணியாலோ பஞ்சாலோ கட்டி மூடி வைக்க வேண்டாம், மூடிய சூட்டில் கிருமி பெருகும்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு இது போதும். பிறந்து 28 நாட்களுக்குள் இருக்கும் குழந்தையின் கண்ணில் சிவப்போ, வீக்கமோ, சீழ் போன்ற பீளையோ கண்டால், இங்கே எழுதிய எதையும் செய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரும் கொனோரியா கிருமி குழந்தையின் கருவிழியை மிக விரைவில் துளைத்துவிடக்கூடியது. கிளமிடியா கிருமியோ கண்ணோடு நிற்காமல் நுரையீரல்வரை போகலாம். இவ்விரண்டுக்கும் சொட்டு மருந்து மட்டும் போதாது. ஊசி வழியாகவோ வாய் வழியாகவோ மருந்து தர வேண்டியிருக்கும், தாயும் சிகிச்சை பெற வேண்டியிருக்கும். இரவானாலும் காலைவரை காத்திருக்காமல் குழந்தையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.