பேர்மிற் காணியில் உள்ள வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாமா?

வணக்கம். இலங்கையில் கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் பக்கம் ஒரு வீடு மலிவாக வருகிறது, வாங்கி வாடகைக்கு விடலாம் என்றால் விற்பவர் பேர்மிற் (அரச காணிக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரம்) மட்டும்தான் காட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வன்னியில் நிறையக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை, பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது, வெறும் தாளில் எழுதி வாங்கிவிட்டு வீடும் இல்லாமல் காசும் இல்லாமல் நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். முதலில் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் விசாரியுங்கள். உறுதிக்காணி, அதாவது உறுதிப்பத்திரம் உள்ள தனியார் காணி என்றால், நொத்தாரிசை (உறுதி எழுதுபவரை) கொண்டு காணிப் பதிவகத்தில் தேடுவியுங்கள்.

அப்புறம் கிணறு. ஆவணியில் போய்ப் பாருங்கள், மாரியில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும்.

குடியிருப்பவருக்கு ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் கொடுப்பதென்றால் குத்தகையை நொத்தாரிசு முன் எழுதுங்கள், சரியா?