பிசினஸ் கிளாஸ் டிக்கெட் இருந்தும் லவுஞ்சில் இடமில்லை என்றால்?

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் போக எனக்கும் அம்மாவுக்கும் (வயது 72) பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்தேன், மொத்தம் 4.6 லட்சம் ரூபாய். விமான நிலைய லவுஞ்சில் (சாப்பாட்டு வசதியுள்ள ஓய்வுக்கூடம்) 'கூட்டம், இடமில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேதான் உட்கார்ந்திருந்தோம். டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாமா? - வாசகர், திருச்சி

பதில்: போடலாம். ஆனால் முழுப் பணமும் வரும் என்று எண்ண வேண்டாம். பிசினஸ் இருக்கையில்தானே லண்டன் போய்ச் சேர்ந்தீர்கள்? கிடைக்காத வசதிக்கும் மன உளைச்சலுக்கும்தான் இழப்பீடு. அது பெரிய தொகையாக இருக்காது.

முதலில் டிக்கெட் மின்னஞ்சலில் கட்டண வகையைப் பாருங்கள். பிசினஸ் என்றாலே லவுஞ்ச் உண்டு என்ற காலம் போய்விட்டது. எமிரேட்ஸ் 2019-லும், கத்தார் ஏர்வேஸ் 2020-லும் லவுஞ்ச் இல்லாத மலிவு பிசினஸ் கட்டணங்களைக் கொண்டுவந்தன. நீங்கள் வாங்கியதும் அந்த மாதிரி என்றால், பணம் கட்டும் முன்பே அதைத் தெளிவாகக் காட்டியும் இருந்தால், வழக்கு நிற்காது.

லவுஞ்ச் உண்டு என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஒப்புக்கொண்டதைச் செய்யாதது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-ன்படி சேவைக் குறைபாடு. 'லவுஞ்சை நடத்துவது வேறு கம்பெனி' என்பார்கள். பணம் வாங்கியது விமான நிறுவனம், பதில் சொல்ல வேண்டியதும் அதுதான். (கிரெடிட் கார்டைக் காட்டி நுழைபவர்கள் வங்கியைத்தான் கேட்க வேண்டும்.) 'இடமிருந்தால் மட்டுமே' என்ற நிபந்தனையை நீட்டினால், வேறு லவுஞ்சோ சாப்பாட்டுக் கூப்பனோ ஏன் தரவில்லை என்று கேளுங்கள். வயதானவரை அப்படியே வெளியே விட்டதுதான் உங்கள் வழக்கின் பலம்.

30 முதல் 75 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அந்த 2023 விதி, பிசினஸிலிருந்து எகானமிக்கு இறக்கப்பட்ட சர்வதேசப் பயணிகளுக்கானது. உங்களுக்குப் பொருந்தாது.

சரி, செய்ய வேண்டியது: போர்டிங் பாஸ், வெளியே சாப்பிட்ட பில் எல்லாவற்றையும் வைத்து விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு சாட்சியாகாது. மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடரலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். அம்மாவையும் மனுதாரராகச் சேருங்கள், அவருக்கான இழப்பீட்டைத் தனியாகக் கேட்கலாம்.