தவில் விழுந்தால் நாயனம் அமுங்குகிறது

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கல்யாணம். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நடந்த நாயனக் கச்சேரியை ஸ்டீரியோவில் பதிவு செய்தேன். ஒலி ஓர் அளவுக்கு மேல் போகாமல் பிடிக்கிற லிமிட்டரைப் போட்டால், தவிலில் குச்சி விழும்போதெல்லாம் நாயனமும் அமுங்குகிறது. மல்டிபேண்ட் லிமிட்டர் உதவுமா அண்ணே?
– வாசகர், காரைக்குடி

பதில்: நன்றாகவே உதவும் தம்பி. சாதாரண லிமிட்டர் தொப்பியின் (தவிலில் குச்சி விழும் பக்கம்) ஓர் அடிக்காக மொத்த ஒலியையும் இறக்கிவிடும். மல்டிபேண்ட் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பட்டைகளாகப் பிரித்து, மீறுகிற பட்டையை மட்டும் பிடிக்கும்.

மூன்று பட்டை போதும். முதல் பிரிவை 150 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, கீழ்ப்பட்டையை மட்டும் சோலோவில் கேளுங்கள். தொப்பியின் ‘தொம்’ முழுசாக வந்து, நாயனம் வராத இடம்வரை நகர்த்துங்கள். அங்கே 2, 3 டெசிபல் குறைந்தால் போதும். ரிலீஸில், அதாவது லிமிட்டர் பிடியை விட எடுக்கும் நேரத்தில், அவசரம் கூடாது. 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று வரவே 20 மில்லிசெகண்ட் ஆகும்; அதற்குள் லிமிட்டர் விட்டுவிட்டுப் பிடித்தால் அடி கரகரக்கும். 100 மில்லிசெகண்டில் ஆரம்பித்துப் பாருங்கள்.

நடுப்பட்டையைத் தொடாதீர்கள். நாயனத்தின் உயிர் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. அப்புறம், ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் எதிரொலி அதிகம். அழுத்தி லிமிட் செய்து சத்தத்தைக் கூட்டினால் அதுவும் மேலே வந்துவிடும்.

பட்டைகள் திரும்பச் சேரும்போது உச்சம் எகிறலாம். அதனால் கடைசியில் ஒரு சாதாரண லிமிட்டர், சீலிங் (ஒலி தாண்டக் கூடாத உச்சவரம்பு) -1 டெசிபல். அடுத்த முறை தவிலுக்குத் தனி மைக் வையுங்கள். மிக்ஸிங்கிலேயே வேலை முடிந்துவிடும்.